கொம்பு ஊதி ஊரைக் கூட்டியவர்: பாண்டு மாஸ்டர் பாட்ரிக் கில்மோர்



ஜூபிலி, ஜூபிலி என்று இந்த ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? எபிரேய மொழியில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஏழேழு ஆண்டுகள் கழிந்து ஐம்பதாம் ஆண்டு பிறக்கும்போது நாடெங்கும் கொம்பு ஊத வேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிட்டார். அந்த ஒலி கேட்டதும் அடிமை தன் வீட்டுக்குத் திரும்புவான். இழந்த காணி உரியவன் கைக்கு மீளும். ஆகவே ஜூபிலி என்பது ஆதியில் விருந்தும் அல்ல, தோரணமும் அல்ல. பிரிந்தவர்களைத் திரும்ப ஒன்றுகூட்டும் ஊதுகுழலின் ஓசையே அது.

இந்த மலருக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, அப்படி ஊதுகுழல் ஊதியே மக்களைக் கூட்டிய ஒரு கத்தோலிக்கரின் நினைவு எனக்கு வந்தது. அவர் குருவும் அல்ல, துறவியும் அல்ல. ராணுவப் பாண்டில் கார்னெட் வாசித்த ஏழை அகதி. பெயர் பாட்ரிக் சார்ஸ்ஃபீல்டு கில்மோர். அமெரிக்காவில் அவர் நடத்திய மாபெரும் இசைவிழாக்களுக்கு அவரே சூட்டிய பெயரும் 'ஜூபிலி' என்பதுதான்.

பஞ்சத்தில் பிறந்த பயணம்

அயர்லாந்து தேசத்தில் கால்வே மாவட்டத்திலுள்ள பாலிகார் என்ற சிற்றூரில் 1829ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று கில்மோர் பிறந்தார். அவர் பிறந்த அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கத்தோலிக்கர்களுக்கு அதுவரை மறுத்துவந்த உரிமைகளை வழங்கும் சட்டத்தை இயற்றியது. ஆனால் சட்டம் பசியை ஆற்றுமா? குடியானவர்கள் துண்டு நிலத்தில் உருளைக்கிழங்கு போட்டு, அதையே மூன்று வேளையும் உண்டு காலந்தள்ளினார்கள்.

பையன் பிழைப்புத் தேடி அத்லோன் என்ற ஊருக்குப் போனான். அங்கே ராணுவ முகாம் இருந்தது. முகாம் இருந்தால் பாண்டும் இருக்குமல்லவா! ராணுவ பாண்டு மாஸ்டராக இருந்த ஒருவரிடம் கார்னெட் ஊதக் கற்றுக்கொண்டான். கார்னெட் டிரம்பெட்டின் தம்பி. உருவில் குட்டை, குரலில் இனிமை. வாய்ப்பாட்டின் குழைவை அப்படியே வெளிப்படுத்தும் கருவி. இந்த ஒரு வித்தைதான் பிற்பாடு அவருக்குச் சோறு போட்டது.

1845இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. தோண்டிய கிழங்கெல்லாம் கறுத்து அழுகிப்போயின. அடுத்த சில ஆண்டுகளில் பசியாலும் காய்ச்சலாலும் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் அதற்கு மேற்பட்டோர் கப்பலேறி ஓடினார்கள். 1849இல் பத்தொன்பது வயதான கில்மோரும் அப்படிக் கிளம்பி பாஸ்டன் நகரில் வந்து இறங்கினார்.

வரவேற்காத ஊர்

பாஸ்டன் எப்படிப்பட்ட ஊர் என்று சொன்னால்தான் பின்னால் நடந்ததன் அருமை விளங்கும். அது புராட்டஸ்டாண்டு மக்கள் ஊன்றி வளர்த்த பழைய நகரம். பஞ்சத்தில் அடிபட்டுக் கப்பல் கப்பலாக வந்திறங்கிய ஐரிஷ் கத்தோலிக்கர்களை அங்கிருந்த பலர் அருவருப்போடு பார்த்தார்கள். வேலைக்கு ஆள் தேவை, ஆனால் ஐரிஷ்காரர் வேண்டாம் என்று விளம்பரம் செய்த காலம் அது. அதற்கு முன்பே, 1834 ஆகஸ்டு மாதத்தில், பாஸ்டனை அடுத்து அப்போது சார்லஸ்டவுனைச் சேர்ந்திருந்த ஒரு குன்றில் ஊர்சுலைன் கன்னியர்கள் நடத்திவந்த மடத்தையும் பள்ளியையும் ஒரு கும்பல் தீக்கிரையாக்கியது. எரிந்த சுவர்கள் பல ஆண்டுகள் அப்படியே நின்றன. 1854ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியேறிகளையும் கத்தோலிக்கர்களையும் எதிர்ப்பதே கொள்கையாகக் கொண்ட ஒரு கட்சி மாசசூசெட்ஸ் மாநில ஆட்சியைப் பிடித்தது. மறு ஆண்டே மாநிலப் படையிலிருந்த ஐரிஷ் பிரிவுகள் கலைக்கப்பட்டன.

இத்தகைய ஊரில் கையில் ஒரு கார்னெட்டுடன் வந்த வாலிபன் என்ன செய்தான்? சண்டைக்குப் போகவில்லை, ஒளிந்துகொள்ளவும் இல்லை. ஒரு இசைக்கருவிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். மாலை நேரங்களில் பாண்டுகளில் வாசித்தான். சில ஆண்டுகளில் சார்லஸ்டவுன் பாண்டுக்கே தலைவனானான். ஆம், மடம் எரிந்த அந்தச் சார்லஸ்டவுன்தான்! அப்பால் பாஸ்டனிலுள்ள வேறு பாண்டுகள். 1855 முதல் சேலம் நகரத்துப் பித்தளை வாத்திய பாண்டு. (நம்முடைய சேலம் அல்ல, அந்தப் பெயரில் அங்கேயும் ஓர் ஊர் இருக்கிறது.)

சேலத்தில் 1856 டிசம்பரில் நடந்த ஒரு போட்டியை அந்நாட்டு இசை வரலாற்றில் இன்றும் பேசுகிறார்கள். நெட் கெண்டல் என்பவர் சாவி வைத்த பழைய பாணிப் பியூகிள் வாசிப்பதில் நிகரற்றவர். வயதில் மூத்தவர். கில்மோர் கையிலோ புதிய கார்னெட். இருவரும் ஒரே உருப்படியை மாறி மாறி வாசித்தார்கள். யார் ஜெயித்தார் என்பதில் கேட்டவர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. ஆனால் அதன்பிறகு பியூகிளின் காலம் முடிந்து கார்னெட்டின் காலம் வந்துவிட்டது.

1858இல் கில்மோர் தம் பெயரிலேயே சொந்தப் பாண்டு ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருக்கு விவாகமும் நடந்தது. மணமகள் எலன் ஓநீல், பக்கத்து லோவெல் நகரத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் இசைப்பணி செய்துவந்த பெண். கணவரின் விழாக்களுக்கும் பாட்டுகளுக்கும் கடைசிவரை துணைநின்றவர். அவர்களுடைய மகள் மேரி பிற்காலத்தில் கவிதை எழுதிப் பெயர் பெற்றார்.

போர்முனையில் பாண்டு

1861இல் அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமைமுறை நிலைப்பதா ஒழிவதா என்பதே அதன் அடிப்படை. கில்மோர் தம் பாண்டு முழுவதையும் அழைத்துக்கொண்டு 24ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். 1862இல் வடகரோலினாவில் ரோனோக் தீவிலும் நியூபெர்ன் நகரிலும் அந்தப் படைப்பிரிவு போரிட்டது.

ராணுவ பாண்டு என்றால் அணிவகுப்பில் முன்னே நடப்பது மட்டும் என்று நாம் எண்ணுகிறோம். அந்தப் போரில் பாண்டுக்காரர்களின் வேலை வேறாகவும் இருந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் வாத்தியங்களை வைத்துவிட்டு, காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்லும் தூளியைத் தோளில் ஏற்றுவார்கள். மாலையானால் அதே கைகளில் மறுபடியும் வாத்தியம். சோர்ந்துபோன சிப்பாய்களைச் சுற்றி உட்கார வைத்து ஊர்ப் பாட்டுகளை வாசிப்பார்கள். சிப்பாய்கள் கூடச் சேர்ந்து பாடுவார்கள். படையினர் பாண்டை விரும்பியதற்கு அதுதான் காரணம். வீட்டு நினைவை அவர்களுக்குக் கொண்டுவந்தது பாண்டு.

1862ஆம் ஆண்டு நடுவில் அரசாங்கம் செலவைக் குறைப்பதற்காகப் படைப்பிரிவுப் பாண்டுகளைக் கலைத்தது. கில்மோர் ஊர் திரும்பினார். மறு ஆண்டில், போருக்குப் போன பிள்ளை வீடு திரும்பும் நாளை எதிர்பார்த்துப் பாடும் ஒரு பாட்டை வெளியிட்டார். 'வென் ஜானி கம்ஸ் மார்ச்சிங் ஹோம்' என்பது அதன் பெயர். லூயி லாம்பெர்ட் என்ற புனைபெயரில் அதை அச்சிட்டார். மெட்டு முழுவதும் தம்முடையதல்ல, யாரோ முணுமுணுத்ததைக் கேட்டு எடுத்தது என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அந்த நேர்மைக்காகவும் அவரைப் பாராட்ட வேண்டும். வடக்கும் தெற்கும் இரண்டுமே அதைப் பாடின. எந்தக் கட்சியானால் என்ன? தாய்க்கு மகன் வீடு திரும்ப வேண்டும்.

ஐயாயிரம் பிள்ளைகள்

மாசசூசெட்ஸ் கவர்னர் கில்மோரைக் கூப்பிட்டு, மாநிலத்தின் பாண்டுகளைத் திருத்தி அமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். அந்த வேலையாக அவர் தெற்கேயுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அந்நகரம் 1862இல் வடபடையிடம் பணிந்திருந்தது. 1864 மார்ச்சு 4ஆம் நாள் அங்கே மைக்கேல் ஹான் என்பவர் லூசியானா கவர்னராகப் பதவி ஏற்றார். அந்த விழாவுக்குக் கில்மோர் ஒரு திட்டம் போட்டார். நகரத்துப் பள்ளிகளிலிருந்து சுமார் ஐயாயிரம் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைப்பது, படைகளிலிருந்த பாண்டுகளை எல்லாம் கூட்டிச் சுமார் ஐந்நூறு வாத்தியக்காரர்களை ஒரே மேடையில் அமர்த்துவது, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப ஆலய மணிகளையும் பீரங்கிகளையும் முழங்கச் செய்வது!

கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அன்று லஃபாயெட் சதுக்கத்தில் அது நடந்தே விட்டது. நாம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: வென்றவர்கள் தோற்ற ஊரில் கொண்டாடிய விழா அது. தகப்பன்மார் எதிர்ப்படையில் போரிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளும் அந்த ஊரில் இருந்தார்கள். வென்றவனின் பாட்டைத் தோற்றவனின் பிள்ளையிடம் பாடச் சொல்வது சமாதானமாகாது. போர் முடிந்தபிறகு கில்மோருடைய மனம் சென்ற திசையைப் பார்த்தால் இதை அவரே உணர்ந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது. வெற்றி விழா போய், சமாதான விழா என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது.

1869: சமாதான ஜூபிலி

போர் 1865இல் முடிந்தது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்திருந்தார்கள். 1867இல் கில்மோருக்கு அந்தப் பெரிய யோசனை உதித்தது. பாஸ்டனில் பிரமாண்டமான மண்டபம் கட்டி, பதினாயிரம் பாடகர்களையும் ஆயிரம் வாத்தியக்காரர்களையும் கூட்டி, சமாதானத்துக்காக ஐந்து நாள் விழா எடுக்க வேண்டும்!

நகரத்துப் பெரிய மனிதர்கள் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார். இசை அறிஞர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜான் சல்லிவன் டுவைட் என்ற பேர்பெற்ற விமர்சகர், இது இசையல்ல, வெறும் கூச்சல் ஆகிவிடும் என்ற எண்ணத்தில் தம் பத்திரிகையில் எதிர்த்து எழுதினார். பல மாதங்கள் எவரும் அசையவில்லை. கடைசியில் ஈபன் ஜார்டன் என்ற துணிவியாபாரி பணப் பொறுப்பை ஏற்றார். ஈபன் டூர்ஷே என்பவர் பாடகர் பொறுப்பை ஏற்றார். டூர்ஷே பக்தியுள்ள மெதடிஸ்டு. 1867இல் பாஸ்டனில் நியூ இங்கிலாந்து இசைப் பள்ளியை நிறுவியவர். வசதி படைத்தவர்களின் பிள்ளைகளுக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்த சங்கீதத்தை, வகுப்பில் உட்கார வைத்து எல்லாருக்கும் குறைந்த செலவில் கற்பிக்கலாம் என்று காட்டியவர்.

பதினாயிரம் பேரை எப்படிப் பயிற்றுவித்தார்கள்? இதுதான் நம் பாடகர் குழுவினர் கவனிக்க வேண்டிய இடம். பதினாயிரம் பேர் கொண்ட பாடகர் குழு என்று ஒன்று எங்கும் இல்லை. இருந்ததெல்லாம் சிற்றூர்களிலும் பட்டணங்களிலும் இருபது பேர், நாற்பது பேர், நூறு பேர் கொண்ட குழுக்கள். ஆலயப் பாடகர் குழுக்களும் ஊர் இசைச் சங்கங்களும் அவற்றில் உண்டு. எல்லாருக்கும் ஒரே பாட்டுப் புத்தகத்தை அச்சிட்டு அனுப்பினார்கள். எந்தப் பாட்டை எவ்வளவு வேகத்தில் பாட வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பினார்கள். கடைக்காரனும் தையல்காரியும் பள்ளி ஆசிரியரும் பகல் வேலை முடிந்து, விளக்கொளியில் கூடி, வாரந்தோறும் ஒத்திகை பார்த்தார்கள். இப்படி நூற்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தத்தம் ஊரிலேயே பாடம் செய்துகொண்டு பாஸ்டனுக்கு ரயிலேறின. முழுக் கூட்டமும் ஒன்றாகக் கூடியது விழா நேரத்தில்தான்.

1869 ஜூன் 15ஆம் நாள் விழா தொடங்கியது. மண்டபம் ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம். மேடையில் பதினாயிரம் பாடகர், ஆயிரம் வாத்தியம். வயலின் வரிசையின் தலைவராக நார்வே நாட்டு மேதை ஓலே புல் அமர்ந்தார். (அடுத்த ஆண்டு இவரை மணந்த சாரா அம்மையார்தான் பிற்காலத்தில் சுவாமி விவேகானந்தரின் சிஷ்யையாகி இந்தியாவுக்கு வந்தவர்.) இத்தாலிய இசைமேதை வெர்டியின் நாடகத்தில் வரும் கொல்லர் பாட்டுக்கு, சிவப்புச் சட்டை அணிந்த நூறு தீயணைப்பு வீரர்கள் வரிசையாக வந்து பட்டறைக்கல்லில் சம்மட்டியால் தாளம் போட்டார்கள். வெளியே நின்ற பீரங்கிகளை, மேடையிலிருந்து மின்சாரக் கம்பி வழியாகத் தாளம் தவறாமல் வெடிக்கச் செய்தார்கள். இரண்டாம் நாள் ஜனாதிபதி கிராண்ட் வந்தார். கடைசி நாளில் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பாடினார்கள்.

பீரங்கியையும் பட்டறைக்கல்லையும் பற்றி அந்நாளில் எல்லாரும் பேசினார்கள். எனக்கோ முதல் நாள் நிகழ்ச்சி நிரல்தான் பெரிய ஆச்சரியம். அன்று பாடப்பட்டவற்றுள் ஒன்று மார்ட்டின் லூத்தரின் கீதம். இன்னொன்று, அந்நாளில் மொசார்ட் இயற்றியதாகக் கருதப்பட்ட ஒரு திருப்பலி இசையிலிருந்து 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம், லத்தீன் பூசையில் நாம் பாடிவந்த அதே குளோரியா! பரேப்பா ரோசா என்ற பாடகி, வயலின்கள் நூற்றுக்கணக்கில் துணை வாசிக்க, 'ஆவே மரியா' பாடினார். சிலுவையடியில் நின்ற வியாகுலத் தாயைப் பற்றிய 'ஸ்தாபாத் மாத்தேர்' இசையிலிருந்து ஒரு பகுதியையும் அந்த விழாவில் அவர் பாடினார்.

எண்ணிப் பாருங்கள்! கன்னியர் மடத்தைக் கொளுத்திய கும்பல் புறப்பட்ட அதே நகரம். முப்பத்தைந்தே ஆண்டுகள் கழிந்திருந்தன. புராட்டஸ்டாண்டு ஆலயப் பாடகர்கள் எழுந்து நின்று திருப்பலி கீதத்தைப் பாடுகிறார்கள். கத்தோலிக்கப் பாண்டு மாஸ்டர் ஏற்படுத்திய விழாவில் லூத்தரின் கீதம் முழங்குகிறது. கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றிய ஏட்டை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்டது. அதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு முன்பு, அந்தச் சொல்லையே அறியாத ஜனங்கள், ஒரே பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இதனால் பகை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பாஸ்டனில் ஐரிஷ் மக்கள் படவேண்டிய பாடு இன்னும் வெகுநாள் இருந்தது. ஆனால் சேர்ந்து பாடியவன் முகத்தை மறுநாள் கடைத்தெருவில் கண்டால், முன்போலப் பார்க்க முடியுமா?

அளவு மீறிய கதை

விழா வெற்றி பெற்றது. புகழும் ஆதாயமும் வந்தன. மனிதர் அதோடு நின்றாரா? ஐரோப்பாவில் பிரான்சும் ஜெர்மனியும் செய்த போர் 1871இல் முடிந்ததும், உலக சமாதான ஜூபிலி என்று இன்னொன்றை அறிவித்தார். எல்லாம் இருமடங்கு! இருபதினாயிரம் பாடகர், இரண்டாயிரம் வாத்தியம், ஐந்து நாளுக்குப் பதில் 1872 ஜூன் 17 முதல் ஜூலை 4 வரை. வியன்னாவிலிருந்து வால்ட்ஸ் இசைக்குப் பேர்போன யோகான் ஸ்ட்ராஸ் வந்தார். இங்கிலாந்து, பிரான்சு, ஜெர்மனி ஆகிய நாடுகளின் தலைசிறந்த ராணுவ பாண்டுகள் கப்பலேறி வந்தன. ஓராண்டுக்கு முன் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இரண்டு நாடுகளின் பாண்டுகள் ஒரே மண்டபத்தில் வாசித்தன. அது மட்டும் மறக்கத்தகாத காட்சி.

மற்றதெல்லாம் சங்கடம். கட்டிக்கொண்டிருந்த மண்டபம் ஏப்ரல் மாதப் புயல் காற்றில் சரிந்து விழுந்தது. அவசரமாக வேறு கட்டினார்கள். இருபதினாயிரம் பேர் பாடும்போது முன்வரிசை ஒன்று பாட, பின்வரிசை ஒரு நொடி தாமதித்துத் தொடர்ந்தது. துணை நடத்துநர்கள் பலர் நின்றும் கட்டுப்படுத்த முடியவில்லை. நாள் செல்லச் செல்லக் கூட்டம் குறைந்தது. பெரும் நஷ்டம் வந்து, பொறுப்பேற்றிருந்த வணிகர்கள் கைப்பணத்தைக் கொடுத்து அடைத்தார்கள். நல்ல காரியத்தை இருமடங்கு பெரிதாக்கினால் நன்மையும் இருமடங்காகும் என்று கில்மோர் நம்பிவிட்டார். விழா எடுக்கும் நாமும் இதை மனத்தில் வைப்பது நல்லது.

ஆயினும் அந்த 1872 விழாவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. டென்னசி மாநிலத்து ஃபிஸ்க் கல்லூரியைச் சேர்ந்த ஒரு சிறு பாடகர் குழு அங்கே வந்திருந்தது. பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்த கறுப்பின வாலிபர், இளம்பெண்கள். கல்லூரியைக் காப்பாற்றப் பாடிப் பணம் திரட்டப் புறப்பட்டவர்கள். தங்கள் குழுவுக்கு ஜூபிலி பாடகர் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அடிமைக்கு விடுதலை தரும் லேவியராகமத்து ஜூபிலியை மனத்தில் கொண்டு வைத்த பெயர் அது. விழாவில் ஒரு தேசபக்திப் பாட்டு தாங்க முடியாத உச்ச சுருதியில் தொடங்கப்பட்டது. முதலில் பாடியவர்களின் குரல் உடைந்து பாட்டு தடுமாறியது. இவர்கள் முறை வந்தது. இவர்களோ அந்தச் சுருதியிலேயே முன்கூட்டி உழைத்துப் பழகியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் மண்டபத்தின் மூலை வரை தெளிவாய் ஒலித்தது. சபை முழுவதும் எழுந்து ஆரவாரித்தது. இருபதினாயிரம் பேரால் ஆகாதது ஒரு கைப்பிடிப் பேரால் ஆயிற்று, பழகிய காரணத்தால்.

ஆசிரியர் கில்மோர்

தோல்வியிலிருந்து கில்மோர் ஒரு பாடம் கற்றார். வெளிநாட்டுப் பாண்டுகளை அருகிலிருந்து கேட்டபோது தம் நாட்டுப் பாண்டுகளின் குறை அவருக்குப் புரிந்தது. பித்தளை வாத்தியங்கள் அதிகம். கிளாரினெட், ஓபோ, பசூன் போன்ற மென்மையான குழல்கள் குறைவு. சத்தம் இருந்தது, சாரீரம் இல்லை. 1873இல் நியூயார்க்குக்குப் போய் அங்கே 22ஆவது படைப்பிரிவின் பாண்டை ஏற்றார். அறுபதுக்கு மேற்பட்டோர் கொண்ட அந்தப் பாண்டில் பாதிக்கு மேல் மரக்குழல்களாக அமைத்தார். சாக்ஸஃபோனுக்கும் கௌரவமான இடம் தந்தார். இன்று உலகெங்கும் பெரிய பாண்டுகள் அமையும் முறைக்கு இது ஒரு முன்மாதிரி.

1878இல் அதே பாண்டை அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்றார். பாரிஸ் கண்காட்சியில் வாசித்தார். பஞ்சத்துக்குப் பயந்து வெளியேறிய பையன், இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு டப்ளின் மேடையில் கோலோடு நின்றார். இது அவருடைய சொந்த ஜூபிலி என்று சொல்லலாம்.

ஊர் ஊராக ரயிலில் போய் வாசித்த ஆண்டுகள் அதன்பின் பல. கோடைக்காலங்களில் நியூயார்க்கை அடுத்த மன்ஹாட்டன் பீச் கடற்கரையில் தொடர் கச்சேரிகள். ஆலயத்தில் பாடிவந்த எம்மா தர்ஸ்பி போன்ற இளம் பாடகிகளை பாண்டோடு பாட வைத்து நாடறியச் செய்தார். 1886 அக்டோபரில் சுதந்திர தேவி சிலையைத் திறந்துவைத்த விழாவிலும் அவருடைய பாண்டு வாசித்தது. கூலிக்காரனும் புரிந்து ரசிக்கும் பாட்டையும் மேதைகளின் உருப்படியையும் ஒரே கச்சேரியில் அடுத்தடுத்து வைப்பது அவர் வழக்கம். ஜனங்கள் முன்னதற்காக வந்து பின்னதையும் கேட்டுப் போனார்கள்.

கடைசிச் சுரம்

1892 செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண்காட்சியில் வாசிக்கப் போயிருந்தார். மனைவியும் மகளும் உடனிருந்தார்கள். அங்கே உடல்நலம் குன்றி, செப்டம்பர் 24ஆம் நாள் தமது 62ஆம் வயதில் ஆண்டவரில் துயில்கொண்டார். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியிலுள்ள கல்வாரி என்ற கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் இளைப்பாறுகிறது.

இரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 26ஆம் நாள், நியூ ஜெர்சியில் ஜான் பிலிப் சூசா என்ற இளையவர் தம் புதிய பாண்டின் முதல் கச்சேரியை நடத்தினார். மறைந்த கில்மோர் இயற்றிய ஒரு ஞானப்பாடலை முதலில் வாசித்து அஞ்சலி செலுத்திவிட்டே தொடங்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற சூசா பாண்டில் கில்மோரிடம் பயின்றவர்கள் பலர் இருந்தார்கள். ஆசிரியனின் ஆயுள் மாணவனில் நீளும் என்பது பொய்யா?

நமக்கு என்ன?

1869ஆம் ஆண்டு விழா முடிந்தபின் கில்மோர் அதன் வரலாற்றை எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகமாக 1871இல் வெளியிட்டார். அந்தக் காலத்து ஜூபிலி மலர் அது! அதில் ஜனாதிபதியும் இருக்கிறார், பெரிய பாடகர்களும் இருக்கிறார்கள். அதோடு, எந்தெந்த ஊரிலிருந்து எந்தெந்தக் குழு வந்தது, யார் யார் பாடினார்கள் என்று ஆயிரக்கணக்கான பெயர்களையும் அச்சிட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியாத தையல்காரியும் கடைக்காரனும் அங்கே வரிசையாக நிற்கிறார்கள். இந்த ஜூபிலி மலரின் கடைசிப் பக்கங்களில் நம் பாடகர் குழு, பாண்டு செட், பீடச் சிறுவர், மரியாயின் சேனை என்று பெயர்ப் பட்டியல் வரும்போது, யாரும் அதை விருப்பமின்றிப் புரட்டிவிடாதீர்கள்.

சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு நாலு பேர்தான் வந்தோம், யாருக்காகப் பாடுவது என்று சலித்துக்கொள்ளும் வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்டனில் கூடிய பதினாயிரம் பேரும் நாலு பேரும் பத்துப் பேருமாகக் கூடிப் பழகியவர்கள்தான். பாடம் செய்யாத இருபதினாயிரத்தைவிடப் பாடம் செய்த சிறு குழு பெரிது. ஊருக்குள் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள், ஒரே வரிசையில் நின்று ஒரே பல்லவியை எடுக்கட்டும். பேச்சு தானாக வரும். பிரிந்தவர்களைக் கூட்டாத ஜூபிலிக்கு எத்தனை விளக்குப் போட்டும் பயன் என்ன?

கொம்பு ஊதப்பட்டுவிட்டது. வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் திரும்பட்டும். ஊதியும் பாடியும் ஒத்திகைக்கு நேரத்தில் வந்தும் ஆண்டவரை மகிமைப்படுத்தும் உங்கள் அனைவரையும் அவர் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. கில்மோரின் ஆன்மாவும், நம் ஆலயத்தில் பாடி மறைந்த நம் முன்னோர் அனைவரின் ஆன்மாக்களும் நித்திய இளைப்பாற்றியில் அமைவனவாக. ஆமென்.

உங்கள் அன்புள்ள,
பங்குத் தந்தை